பனிமலையை ஊதித் தள்ளிய பால்காரர் மகன்

17 வயதில் பிறந்த யோசனை, 48-வது வயதில் நிறைவேறியது

பனி என்றால் நமக்குத் தெரிந்தது மார்கழி மாதத்து விடியற்காலைப் பனிதான். தலையில் துண்டைச் சுற்றிக் கொண்டு டீக்கடைக்குப் போய் ஒரு டம்ளர் டீ குடித்தால் அந்தக் குளிர் போய்விடும். வெயில் ஏறினால் பனி இருந்த இடமே தெரியாது.

கனடா நாட்டுப் பனி அப்படிப்பட்டது அல்ல. வானத்தில் இருந்து பஞ்சைக் கொட்டுவது போல இரவு முழுவதும் கொட்டும். காலையில் எழுந்து பார்த்தால் வீட்டுக் கதவைத் திறக்க முடியாது. தெருவும் வாசற்படியும் ஒன்றாகி விடும். அங்குள்ள மான்ட்ரீல் நகரில் ஒரு குளிர்காலத்தில் விழும் பனியை எல்லாம் ஒன்றாக அடுக்கினால் சுமார் 7 அடி உயரம் வரும். ஓர் ஆள் கையைத் தூக்கிக் கொண்டு நிற்கும் உயரம் அது.

அவ்வளவு பனி விழுந்தாலும் இன்று அந்த நகரத்தில் பஸ் ஓடுகிறது. பள்ளிக்கூடம் நடக்கிறது. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிறது. பனியை அள்ளி வீசும் இயந்திரங்கள் இரவோடு இரவாகத் தெருக்களைச் சுத்தம் செய்து விடுவதுதான் அதற்குக் காரணம்.

சாலைப் பனியை அள்ளி வீசும் அந்த இயந்திரத்தை முதன்முதலில் நன்றாக ஓடும்படி செய்து காட்டியவர், ஆர்தர் சிக்கார். அவர் விஞ்ஞானி அல்ல. பட்டம் வாங்கிய என்ஜினீயரும் அல்ல. பால் வியாபாரம் செய்த ஒரு விவசாயக் குடும்பத்துப் பையன்.

பால் பண்ணை

ஆர்தர் சிக்கார் 1876-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி பிறந்தார். ஊர், கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள செயின்ட் லியோனார்ட். மான்ட்ரீல் நகரை ஒட்டிய கிராமம் அது. (இப்போது அது மான்ட்ரீல் மாநகராட்சிக்குள் சேர்ந்துவிட்டது.) கியூபெக்கில் பெரும்பாலோர் பேசுவது பிரெஞ்சு மொழி. சிக்கார் குடும்பத்தாரும் அப்படியே.

குடும்பத்துக்குப் பால் பண்ணைதான் ஜீவனம். பாலைக் கறந்து, கேன்களில் ஊற்றி, வண்டியில் ஏற்றி மான்ட்ரீல் நகரத்துக்குக் கொண்டு போய் விற்க வேண்டும். கோடைகாலத்தில் கவலை இல்லை. குளிர்காலம் வந்தால்தான் திண்டாட்டம்.

பனி விழுகிறது என்று மாடு பால் கொடுப்பதை நிறுத்தாது. தினமும் கறந்தே ஆக வேண்டும். ஆனால் பாதையில் இடுப்பளவு பனி கிடந்தால் குதிரை நடக்காது. வண்டி நகராது. கறந்த பால் பண்ணையிலேயே தங்கிப் போகும். நகரத்தில் குழந்தைகள் பாலுக்கு அழும். இங்கே கேன் கேனாகப் பால் வீணாகும். அன்றைய வருமானமும் அதோடு போய்விடும்.

இந்தக் கஷ்டம் சத்தியவேடு பக்கத்து ஜனங்களுக்கு விளங்காத விஷயம் அல்ல. பிச்சாட்டூர் அணையில் தண்ணீர் திறந்து, ஆரணி ஆற்றில் வெள்ளம் புரண்டு, ஊத்துக்கோட்டை தரைப்பாலம் மூழ்கிய மழைக் காலங்களில் பஸ்கள் சுற்றிப் போனதையும், பாலும் காய்கறியும் வழியில் தேங்கியதையும் இந்தப் பக்கத்தில் பார்க்காதவர்கள் இல்லை. நமக்குச் சில நாள் வெள்ளம். அவர்களுக்கு நாலைந்து மாதம் பனி. அதுதான் வித்தியாசம்.

உருளையும் மண்வெட்டியும்

அந்தக் காலத்தில் அங்கே பனியை எப்படிச் சமாளித்தார்கள்?

கிராமங்களில் பனியை அகற்றவே மாட்டார்கள். பெரிய மர உருளையைக் குதிரைகளைக் கட்டி இழுத்து, பனியை மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். சக்கரம் இல்லாத சறுக்கு வண்டி அதன் மேல் வழுக்கிக் கொண்டு போகும். புதுப் பனி விழுந்தால் மறுபடியும் உருளை.

நகரங்களில் குதிரை பூட்டிய பலகைக் கலப்பைகள் இருந்தன. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1862-லேயே இப்படிப்பட்ட கலப்பையை ஓட்டினார்கள். இது பனியைத் தெருவின் இரு பக்கமும் ஒதுக்கும். ஒதுக்கிய பனி அங்கேயே கிடக்கும். அடுத்த பனிக்கு அந்த வரப்பு உயரும். அதற்கு அடுத்த பனிக்கு இன்னும் உயரும். கடைசியில் தெரு குறுகி, ஒரு வண்டிக்கு எதிரே இன்னொரு வண்டி வர முடியாமல் போகும். வீட்டு வாசலும் கடை வாசலும் அடைபட்டு விடும்.

எனவே ஒதுக்கிய பனியை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். 100 அடி நீளம், 30 அடி அகலம் உள்ள ஒரு தெருத் துண்டில் ஓர் அடி பனி விழுந்தால், அது லேசான புதுப் பனியாக இருந்தால்கூட சுமார் 8 டன் எடை வரும். ஒரு லாரிப் பாரம்! இதை ஆட்கள் மண்வெட்டியால் வாரி வண்டியில் போட வேண்டும். ஒரு நகரம் முழுவதற்கும் கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

வயலில் கண்ட இயந்திரம்

1894-ம் ஆண்டு. சிக்காருக்கு வயது 17.

தானிய வேலைக்கு ஓர் இயந்திரம் வயலில் ஓடுவதை அவர் பார்த்தார். சுழலும் தகடுகள் கதிரை வாரி உள்ளே இழுத்தன. மறுபக்கம் வைக்கோல் வெளியே போய் விழுந்தது. எத்தனையோ பேர் அந்த இயந்திரத்தைப் பார்த்திருப்பார்கள். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். சிக்காருக்கு மட்டும் பால் வண்டியின் நினைவு வந்தது. கதிரை வாரித் தள்ளும் இயந்திரம் பனியை ஏன் வாரித் தள்ளாது என்று யோசித்தார்.

யோசனையோடு நிற்கவில்லை. கையில் கிடைத்த பொருள்களை வைத்து ஓர் இயந்திரம் செய்தார். அது சரியாக ஓடவில்லை. அக்கம் பக்கத்தார் சிரித்தார்கள்.

அந்த வயதில் கேலிக்கு ஆளானால் பலர் அத்தோடு விட்டுவிடுவார்கள். சிக்கார் விடவில்லை. ஆனால் பிடிவாதம் மட்டும் போதாது. இயந்திரம் செய்ய இரும்பு வேண்டும். பட்டறை வேண்டும். எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அந்தப் பணம் பால் பண்ணையில் கிடைக்காது. அவர் பண்ணையை விட்டு வெளியே வந்தார். கட்டட வேலை, சாலை வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் காண்டிராக்டர் ஆனார்.

அந்தத் தொழில் அவருக்கு இரண்டு நன்மைகளைச் செய்தது. கையில் பணம் சேர்ந்தது. சாலை வேலைக்கு வரும் வண்டிகள், என்ஜின்கள் எல்லாம் கைக்குப் பழக்கமாயின.

ரெயில்வேக்காரர்கள் முந்திக் கொண்டார்கள்

சுழலும் தகட்டால் பனியை எறியலாம் என்பதை முதலில் நினைத்தவர் சிக்கார்தான் என்று சொல்ல முடியாது. ரெயில்வேயில் அது முன்பே வந்துவிட்டது.

1869-ல் கனடாவின் டொரண்டோ நகரைச் சேர்ந்த எலியட் என்பவர், ரெயில் பாதைப் பனியை அகற்றச் சுழலும் சக்கரம் கொண்ட கலப்பை ஒன்றுக்கு உரிமை பெற்றார். வேடிக்கை என்னவென்றால், அவர் தொழில் பல் வைத்தியம்! பிறகு ஆரஞ்சு ஜல் என்பவர் அதைத் திருத்தி அமைத்தார். லெஸ்லி சகோதரர்கள் என்ற பட்டறைக்காரர்கள் அதைக் கட்டினார்கள். 1880-களில் அது ரெயில் பாதையில் ஓடத் தொடங்கியது.

அந்த வண்டியின் முகப்பில், ஒரு பெட்டியின் உயரத்துக்குப் பெரிய சக்கரம் இருக்கும். அதைச் சுழற்றுவதற்கு அந்த வண்டிக்குள்ளேயே தனியாக ஒரு நீராவிக் கொதிகலன். வண்டி தானாக நகராது. பின்னால் இன்னொரு ரெயில் என்ஜின் அதைத் தள்ளிக் கொண்டு போகும். சுழற்றும் சக்தி வேறு, நகர்த்தும் சக்தி வேறு. இதைக் கவனிக்க வேண்டும். சிக்காரின் வெற்றிக்கும் இதுவே வழி.

அப்படியானால் அதையே சாலைக்குக் கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்கலாம். முடியாது. ரெயில் வண்டிக்குத் தண்டவாளம் வழி காட்டுகிறது. எடை எவ்வளவு இருந்தாலும் அது தாங்கும். காட்டிலும் வயலிலும் போகும் பாதையில் பனியை எந்தப் பக்கம் எறிந்தாலும் கேட்பாரில்லை. நகரத் தெருவில் எறிந்தால் அது ஒருவர் வீட்டு ஜன்னலில் போய் விழும். சாலைக்குத் தேவைப்பட்டது, லேசான வண்டி. வளைந்து திரும்பும் வண்டி. பனியை நினைத்த இடத்தில் போடும் வண்டி.

மோட்டார் வந்தது

நல்ல என்ஜினும் லாரியும் வரும் வரை அப்படி ஒரு வண்டியைச் செய்ய வழி இல்லாமல் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு அவை வந்துவிட்டன.

மோட்டார் வந்ததும் தொல்லையும் கூடவே வந்தது. சறுக்கு வண்டிக்குப் பனி வேண்டும். மோட்டார் வண்டிக்குப் பனி ஆகாது. குளிர்காலம் தொடங்கியதும் பலர் தங்கள் காரைக் கொட்டகையில் கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்திவிட்டு, கோடை வரும் வரை தொடுவதில்லை. ஆண்டில் பாதி நாள் ஓடாத வண்டியை வைத்து என்ன பயன்? லாரியில் சரக்கு அனுப்புகிறவர் எத்தனை மாதம் காத்திருப்பார்? இதுவரை மிதித்துக் கெட்டிப்படுத்திய பனியை இனி அடியோடு அகற்ற வேண்டிய காலம் வந்தது.

31 ஆண்டுக்குப் பிறகு

1925-ம் ஆண்டில் சிக்காரின் இயந்திரம் தயாராயிற்று. அவருக்கு அப்போது 48 வயது. வயலில் அந்தத் தகடுகளைப் பார்த்து 31 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அவர் எடுத்துக் கொண்டது நான்கு சக்கரங்களுக்கும் என்ஜின் சக்தி போகும் லாரி. இரண்டு சக்கரம் மட்டும் இழுத்தால் பனியில் வழுக்கி நின்ற இடத்திலேயே சுற்றும். நான்கும் இழுத்தால் பிடிப்பு கிடைக்கும்.

லாரியின் முன்னால் பனியை வாரும் பகுதியை வைத்தார். அதன் பின்னால் பனியை வீசும் விசிறி. விசிறியில் இருந்து மேலே போகும் குழாய்கள் இரண்டு. அவற்றை வேண்டிய பக்கம் திருப்பிக் கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், விசிறிக்கு என்று தனியாக வைத்த இரண்டாவது என்ஜின். பனி கனமாகக் கிடக்கும் இடத்தில் வண்டி ஆமை போல ஊர்ந்து போக வேண்டும். ஆனால் அதே இடத்தில்தான் விசிறி மிக வேகமாகச் சுற்ற வேண்டும். ஒரே என்ஜினில் இரண்டையும் கட்டினால், வண்டி மெதுவாகும்போது விசிறியும் சோர்ந்து போகும். பனி உள்ளே அடைத்துக் கொள்ளும். இரண்டு என்ஜின் இருந்தால் அந்தச் சங்கடம் இல்லை. வண்டி ஊரலாம். விசிறி சீறலாம்.

வாரிய பனியை அது 90 அடி தூரத்துக்கு மேல் வீசியது. வெளியூர்ச் சாலையில் பனியை ஓரத்து வயலில் வீசலாம். நகரத் தெருவில் குழாயைத் திருப்பி, பக்கத்திலேயே ஊர்ந்து வரும் லாரியில் நிரப்பலாம். ஒரு லாரி நிரம்பியதும் அடுத்த லாரி வந்து நிற்கும். இயந்திரம் நிற்காமல் போய்க் கொண்டே இருக்கும்.

லாரி, என்ஜின், தகடு, விசிறி, குழாய் ஆகிய எல்லாம் உலகத்தில் ஏற்கனவே இருந்தவைதான். எதை எதோடு, எந்த அளவில் சேர்ப்பது என்பதுதான் சிக்கார் கண்டுபிடித்தது. ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளில் வண்டிகளையும் மண் தோண்டும் இயந்திரங்களையும் பூட்டிச் சேர்க்கும் நம் தொழிலாளர்களுக்கு, அந்த வேலையின் கஷ்டம் நன்றாகப் புரியும்.

முதல் விற்பனை

செய்து முடித்தால் போதுமா? வாங்க ஆள் வேண்டுமே!

இரண்டு ஆண்டு கழித்து, 1927-ல், மான்ட்ரீலை ஒட்டிய ஊத்ரமோன் என்ற நகரசபை முதல் இயந்திரத்தை வாங்கியது. அடுத்து மாகாண சாலை இலாகாவும் வாங்கியது. சிறுவயதில் செய்த இயந்திரத்தைக் கண்டு ஊர் சிரித்தது. 48 வயதில் செய்ததை அரசாங்கமே காசு கொடுத்து வாங்கியது.

சிக்காரின் தொழில் பெருகியது. அவர் பெயரில் கம்பெனி நடந்தது. பனி இயந்திரம் என்றாலே சிக்கார் என்று கியூபெக்கில் சொல்லும் அளவுக்குப் பெயர் பரவியது. விமான நிலையங்களுக்கும் இந்த வகை இயந்திரம் தேவைப்பட்டது. ஓடுபாதையில் பனி கிடந்தால் விமானம் இறங்க முடியாது அல்லவா?

கூலி போயிற்றே!

ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மண்வெட்டியுடன் பனி வாரும் வேலை, மான்ட்ரீல் ஏழைகளுக்கு ஒரு பிழைப்பாக இருந்தது. குளிர்காலத்தில் கட்டட வேலை இல்லை. துறைமுகத்து ஆறு உறைந்து கிடப்பதால் கப்பல் வேலையும் இல்லை. பனி விழுந்த மறுநாள்தான் அவர்களுக்குக் கூலி நாள். 1930-களில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடியபோது, பனி வாரப் போவதற்கும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நூறு பேர் வாரும் பனியை ஓர் இயந்திரம் வாரினால், அந்த நூறு பேர் எங்கே போவார்கள்?

தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் சூடு தெரியும். இயந்திரம் வந்ததால் சிலருக்குக் கூலி போனது உண்மை. பாதை திறந்ததால் குளிர்காலத்திலும் லாரி ஓடியது, ஆலைக்குச் சரக்கு வந்தது, வேறு வேலைகள் நடந்தன என்பதும் உண்மை. கொட்டும் குளிரில், ஈரப் பனியை இடுப்பு ஒடிய வாரி, மார்வலி வந்து விழுந்தவர்களும் உண்டு. அந்தக் கொடுமையும் குறைந்தது. லாபமும் நஷ்டமும் ஒரே ஆளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் வருத்தம்.

மரணம்

ஆர்தர் சிக்கார் 1946-ம் ஆண்டு செப்டம்பர் 13-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு 69 வயது. அந்த ஆண்டுக் குளிர்காலத்துப் பனி இன்னும் விழத் தொடங்கவில்லை.

அவர் மறைந்த பிறகும் அவர் பெயரில் இயந்திரங்கள் வந்து கொண்டிருந்தன. 1950-களில், ஒரே ஆள் கையால் தள்ளிக் கொண்டு போகும் சின்ன இயந்திரங்களும் கடைக்கு வந்தன. வீட்டு வாசலைச் சுத்தம் செய்ய அவை உதவுகின்றன.

சாலையோடு ஒட்டிக் கண்ணாடி போல் உறைந்துவிட்ட பனிக்கட்டியை மட்டும் விசிறியால் அகற்ற முடியாது. அதற்கு உப்பைத் தூவுகிறார்கள். உப்பு கலந்த தண்ணீர் சீக்கிரம் உறையாது. அதனால் கட்டி இளகிவிடும். ஆனால் குளிர் மிகவும் கடுமையானால் உப்பும் பலிக்காது. மணலைத் தூவிச் சக்கரத்துக்குப் பிடிப்பு உண்டாக்குவார்கள். உப்பினால் வண்டிகளும் பாலங்களும் துருப்பிடிக்கின்றன என்ற குறையும் உண்டு.

நம் நாட்டில்

பனியோடு நமக்கு என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். காஷ்மீரில் ஸ்ரீநகரில் இருந்து லடாக்கின் லே நகரத்துக்குப் போகும் பாதையில் ஜோஜிலா என்ற கணவாய் இருக்கிறது. உயரம் சுமார் 11,500 அடி.

1948-ல் அந்தக் கணவாய் எதிரிகள் கையில் இருந்தது. கழுதை போகும் பாதையை டாங்கி போகும் பாதையாக மாற்றிக் கொடுத்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர். ராணுவத்தில் அவர்களுக்குத் தம்பிகள் என்று செல்லப் பெயர். பனியிலும் குளிரிலும் அவர்கள் வெட்டிய பாதையில் ஏறித்தான், 1948 நவம்பர் 1-ந் தேதி நம் டாங்கிகள் ஜோஜிலாவுக்குள் புகுந்தன. எதிரிகள் அங்கே டாங்கியை எதிர்பார்க்கவே இல்லை.

1960-ல் எல்லைச் சாலைகள் அமைப்பு ஏற்பட்டது. மலைப் பாதைகளில் பனியை அகற்றும் வேலை அதன் பொறுப்பு. முதலில் புல்டோசர் போகும். பின்னால், சுழலும் தகடு கொண்ட பனி வெட்டும் இயந்திரம் போகும். சில இடங்களில் சாலையின் இருபுறமும் பனிச் சுவர் இரண்டு மாடி உயரத்துக்கு நிற்கும். எப்போது சரிந்து விழும் என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் ராணுவத்தினரோடு, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களில் இருந்து பிழைப்புக்காகப் போன கூலித் தொழிலாளர்களும் உயிரைக் கையில் பிடித்துக் கொண்டு சாலை வேலை செய்கிறார்கள்.

முன்பெல்லாம் ஜோஜிலா பாதை ஆண்டில் ஐந்தாறு மாதம் மூடிக் கிடக்கும். லடாக் மக்கள் குளிர்காலத்துக்கு வேண்டிய அரிசி, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்து வைத்துக் கொள்ள வேண்டும். 2025-ல் அந்தப் பாதை மூடிக் கிடந்தது 32 நாட்கள்தான். இமாசலப் பிரதேசத்தில் ரோதங் கணவாய்க்கு அடியில் வெட்டிய 9 கிலோ மீட்டர் சுரங்கப் பாதை 2020-ல் திறக்கப்பட்டது. ஜோஜிலாவுக்கு அடியிலும் சுரங்கம் வெட்டுகிறார்கள். அது முடிந்தாலும் அதன் வாசலில் விழும் பனியை யாராவது அகற்றித்தான் ஆக வேண்டும்.

பாதை திறந்ததும் மலை ஏறும் லாரிகளில் காய்கறி இருக்கும், மருந்து இருக்கும். பால் பவுடரும் இருக்கும். செயின்ட் லியோனார்ட் கிராமத்தில் வீணாய்ப் போன பாலைப் பார்த்து ஒரு பையன் பட்ட கவலையில் பிறந்த இயந்திரம், லடாக் குழந்தைகளுக்குப் பால் போக வழி செய்து கொடுக்கிறது.